வந்தான், வந்தாள், வந்தது: பால் குரோமோசோம்களை வாசிப்பது பற்றி

தமிழில் ஒரு மனிதரைப் பற்றி ஒரு வினைமுற்று எழுத வேண்டுமென்றால் முதலில் அவருக்குப் பால் பிரித்தாக வேண்டும். வந்தான் என்றோ வந்தாள் என்றோ முடிக்காமல் வாக்கியம் நிற்காது. இரண்டும் வேண்டாமென்றால் ‘வந்தார்’ போடலாம். ஆனால் அந்த ‘ர்’ யாருக்குக் கிடைக்கும் என்பது சாதிக்குச் சாதி, வயசுக்கு வயசு மாறுகிற சங்கதி. மரியாதை கிடைக்கிறவருக்குப் பால் மறைந்துபோகிறது. கிடைக்காதவருக்கு ‘ஓடுனான்’, ‘ஓடுனா’ என்று வாக்கியத்தின் கடைசியில் உடம்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்த வலையிலிருந்து விலக்குப் பெற்றது குழந்தை மட்டும்தான். குழந்தை பிறந்தது, குழந்தை சிரித்தது என்று திணையையே மாற்றிக்கொண்டு ‘து’ போடுகிறோம். இந்த விலக்கெல்லாம் இலக்கணத்தோடு சரி. பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற கூட்டம் ‘என்ன புள்ள?’ என்றுதான் முதலில் கேட்கும். பெத்தவள் பிழைத்தாளா என்பதுகூட இரண்டாவது கேள்விதான்.

இந்தப் பிரிவினையில் அடங்காதவர்கள் இருக்கிறார்கள் என்பது தொல்காப்பியருக்குத் தெரியும். கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே, உயர்திணைக்கு உரிய மூன்று பாலைச் சொன்ன கையோடு, ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயருக்கும் தெய்வத்தைக் குறிக்கும் பெயருக்கும் தமக்கென்று ஈறு கிடையாது, உயர்திணை ஈறுகளையே ஏற்றுப் பால் பிரிந்து வரும் என்று சொல்லிவிடுகிறார். பல நூற்றாண்டு கழித்து வந்த நன்னூலார் இன்னும் ஒரு படி போகிறார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுகிற பேடு ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவது பெண்பால். அதாவது அவர் அளவுகோலாக வைத்தது உறுப்பை அல்ல, விருப்பத்தை. இதைப் படித்து நாம் பெருமைப்பட்டுக்கொள்வதற்குள் அதே சூத்திரத்தின் கடைசியில் ஒரு கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்துவிட்டார்: இந்த இரண்டும் அஃறிணை போலவும் வரலாமாம். ‘இது’, ‘அது’ என்று இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் சொல்கிறவர்களுக்கு இலக்கணச் சான்று அங்கே கிடைக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் ஆய்வுக்கூடம் ஒரு புது விகுதியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. எக்ஸ் எக்ஸ் என்றால் ‘ள்’, எக்ஸ் ஒய் என்றால் ‘ன்’. இந்த இரண்டு எழுத்துக் கணக்கில் ஒன்று கூடியோ குறைந்தோ பிறக்கிற மனிதர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பாடப்புத்தகம் இவர்களைக் ‘குறைபாடு’, ‘பிறழ்வு’ என்ற தலைப்பில் இரண்டு பக்கத்தில் முடித்துவிடுகிறது. அந்த உடம்புகளுக்குத் தேவைப்படுவது ஒன்று, அவற்றை வகைப்படுத்தியாக வேண்டும் என்ற நமது தேவை வேறொன்று. இரண்டும் ஒன்றாகக் குழைக்கப்படுகின்றன என்பதே என் புகார்.

முதலில் விஷயத்தைப் பார்த்துவிடலாம். மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் என்பதே 1956-இல்தான் உறுதியானது. அதுவரை 48 என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். எக்ஸ் என்ற பெயர் 1891-இல் ஹென்கிங் என்ற ஜெர்மானியர் ஒரு பூச்சியின் விந்தணுக்களில் பார்த்த, இன்னதென்று விளங்காத பொருளுக்கு வைத்த பெயர். கணக்கில் தெரியாததை எக்ஸ் என்போமே, அந்த எக்ஸ்தான். அதில் பெண் என்ற குறிப்பு ஏதும் இல்லை. 1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர் மாவுப்புழு வண்டுகளில், ஆணிடம் மட்டும் ஒரு ஜோடியில் ஒன்று சின்னதாக இருப்பதைக் கண்டார். ஒய் என்று பின்னால் பெயர் பெற்றது அதுதான். பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பனின் விந்தணு எதைக் கொண்டுவருகிறது என்பதைப் பொறுத்தது என்று தெரிந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. ஆண்பிள்ளை பெறவில்லை என்று பெண்டாட்டியை விரட்டுகிறவனுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

விந்தணுவும் சினைமுட்டையும் உருவாகும்போது ஒவ்வொரு ஜோடியும் பிரிந்து ஆளுக்கொன்றாகப் போக வேண்டும். சில சமயம் ஜோடி பிரியாமல் இரண்டும் ஒரே பக்கம் போய்விடும். அப்படிப்பட்ட அணு கருவானால் ஒரு எக்ஸ் அதிகமாகவோ ஒன்று குறைவாகவோ ஆகிறது. கரு உண்டான பிறகு அணுக்கள் பிரியும்போது இது நேர்ந்தால் ஒரே உடம்பில் இரண்டு வகை அணுக்களும் கலந்திருக்கும். இதில் கிரகணமும் இல்லை, முன்ஜென்மப் பாவமும் இல்லை, கர்ப்பிணி தின்ற பப்பாளியும் இல்லை. ஒரு எக்ஸ் மட்டும் இருக்கிற டர்னர் நிலையும், எக்ஸ் எக்ஸ் ஒய் என்கிற கிளைன்ஃபெல்டர் நிலையும் 1938, 1942 ஆண்டுகளிலேயே உடலடையாளங்களை வைத்து விவரிக்கப்பட்டவை. அவற்றின் குரோமோசோம் கணக்கு 1959-இல் தெரிந்தது.

பெண்களின் இரண்டு எக்ஸில் ஒன்று ஒவ்வொரு அணுவிலும் சுருண்டு பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது என்று 1961-இல் மேரி லயன் சொன்னார். அப்படியானால் ஒன்று கூடினாலென்ன, குறைந்தாலென்ன? சுருண்ட எக்ஸிலும் சில மரபணுக்கள் விழித்துக்கொண்டே இருக்கின்றன. கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரிவது அதனால்தான். மூன்று எக்ஸ் உள்ள பெண்கள் ஆயிரத்தில் ஒருவர். அவர்களில் பெரும்பாலோர் தமக்கு அப்படி இருப்பது தெரியாமலே வாழ்ந்து, பிள்ளை பெற்று, கிழவியாகிப் போய்விடுகிறார்கள். ‘பிறழ்வு’ என்று நாம் சொன்னால் சிரிப்பார்கள்.

டர்னர் நிலை அப்படியல்ல. பிறக்கிற பெண்குழந்தைகளில் ஏறக்குறைய 2000 முதல் 2500-இல் ஒன்று. இந்தக் கணக்கோடு உண்டாகும் கருக்களில் மிகப்பெரும்பாலானவை கலைந்துவிடுகின்றன, பிறக்கிறவர்கள் தப்பிப் பிழைத்தவர்கள். காணாமல் போவது பெரும்பாலும் தகப்பன் வழி வரவேண்டிய குரோமோசோம். குள்ளமான உருவம், சிலருக்குக் கழுத்தின் பக்கவாட்டில் விரிந்த தோல், வளராத சினைப்பை. அறிவுத்திறன் பெரும்பாலோருக்கு இயல்பாகவே இருக்கும், கணக்கிலும் திசை, இடம் கணிப்பதிலும் கொஞ்சம் சிரமப்படலாம். உயிர்ப் பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி சிலருக்குக் குறுகியிருக்கும், அதன் வாயிலில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டே இருக்கும், சிறுநீரகத்தின் அமைப்பும் மாறியிருக்கலாம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது இதயத்தை. பிறகு உயரத்துக்கு வளர்ச்சி ஹார்மோன், பதினொன்று பன்னிரண்டு வயதையொட்டி ஈஸ்ட்ரோஜன். ஈஸ்ட்ரோஜன் மார்பு வளர்வதற்கு மட்டுமில்லை, எலும்பு வலுவாக நிற்பதற்கும் வேண்டும்.

ஆனால் நம்மூரில் ஒரு டர்னர் பெண்ணை ‘கண்டுபிடிப்பது’ இதய மருத்துவரல்ல, மஞ்சள் நீராட்டு. காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும்போது கேட்டிருக்கிறேன்: ‘அது இருசிடி, வயசுக்கே வரல.’ அகராதியில் இருக்கிற சொல்தான், ருதுவாகாத பெண் என்று பொருள். தாய்மாமன் சீர், பந்தல், இப்போது டிஜிட்டல் பேனர் என்று ஒரு பெண்ணின் கருப்பை விவகாரத்தை ஊர் முழுக்க அறிவிக்கிற வழக்கம் இருக்கிற இடத்தில், அறிவிக்கப்படாததும் ஒரு அறிவிப்பாகிவிடுகிறது. கூடப் படித்தவளுக்கெல்லாம் பந்தல் போட்டாச்சு, இவளுக்கு இன்னும் இல்லையென்றால் அதுவே ஊர் நடத்துகிற குரோமோசோம் பரிசோதனை. சினைப்பை வேலை செய்வதைப் பெண்மையின் சான்றிதழாக வைத்திருக்கும்வரை, புதுச்சேரி ஜிப்மருக்கோ கடலூருக்கோ அந்தப் பிள்ளையைக் கூட்டிப்போகிற தாய் இதயத்தைப் பற்றிக் கேட்க மாட்டாள். ‘எப்ப சார் வயசுக்கு வருவா’ என்றுதான் கேட்பாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊர் அவளிடம் கேட்பதைத்தான் அவள் டாக்டரிடம் கேட்கிறாள்.

கிளைன்ஃபெல்டரில் கதை தலைகீழ். இது டர்னரைவிடப் பல மடங்கு அதிகம், ஆண்குழந்தைகளில் 500 முதல் 1000-இல் ஒன்று. ஆனால் ஊர்க்கண்ணுக்குத் தெரியாது. உயரமான, நீண்ட கால்களுடைய பையன். சிலருக்கு மார்பு சற்று எழும்பும், பேச்சும் படிப்பும் கொஞ்சம் மெதுவாக வரலாம், மீசை தாடி அடர்த்தி குறையலாம். விரை சிறியதாகவே இருக்கும், பெரும்பாலும் விந்தில் அணுக்கள் இருக்காது. நோயாளிப் பதிவேடுகள் ஒழுங்காக இருக்கிற டென்மார்க்கிலேயே இந்த நிலை உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் வாழ்நாளில் கண்டறியப்படுகிறார் என்று 2003-இல் வெளியான ஆய்வு சொன்னது. நம்மிடம் இப்படி ஒருவர் கண்டறியப்படுவது பெரும்பாலும் கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, குழந்தைப்பேறு மருத்துவமனையில். அதற்கு முன்பு என்ன நடந்திருக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மனைவிக்கு ஸ்கேன், மனைவிக்கு மருந்து, மனைவிக்கு அரசமரம், மனைவிக்கு ‘மலடி’ப் பட்டம். சில வீடுகளில் இரண்டாம் கல்யாணப் பேச்சும். புருஷனின் விந்தைப் பரிசோதிக்கலாம் என்று சொல்வதே அவமானம். மலடிக்கு இணையாக ‘மலடன்’ என்ற சொல் தமிழில் இருக்கத்தான் செய்கிறது, அதை யாரும் எடுத்து வீசுவதில்லை. ஆணின் உடம்பு கேள்விக்கு அப்பாற்பட்டது என்ற நம்பிக்கை பெண்ணை வதைக்கிறது என்பது தெரிந்த விஷயம். அந்த ஆணையும் அது வதைக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைவால் எலும்பு தேய்வது, சோர்வு, நீரிழிவு இவற்றுக்கெல்லாம் காலத்தோடு மருத்துவம் பார்த்திருக்கலாம். விரையிலிருந்து நேரடியாக அணுவைத் தேடி எடுக்கிற நுண் அறுவை வந்தபிறகு இவர்களில் சிலர் தகப்பனாகவும் முடிகிறது. ‘ஆம்பள’ என்ற பட்டத்தைக் காப்பாற்றுவதில் இத்தனையும் தள்ளிப்போகிறது.

எழுத்துக் கணக்கை வைத்து ஆளின் குணத்தையே சொல்லிவிடலாம் என்ற ஆசையும் வந்துபோயிருக்கிறது. 1965-இல் ஸ்காட்லாந்தில் ஒரு காவல் மனநல மருத்துவமனையில் எக்ஸ் ஒய் ஒய் உள்ள ஆண்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்கிறார்கள் என்று ஒரு ஆய்வு வந்தது. கூடுதல் ஒய் என்றால் கூடுதல் ஆண்மை, கூடுதல் ஆண்மை என்றால் வெறி என்று பத்திரிகைகள் கட்டிவிட்டன. சிகாகோவில் எட்டுப் பெண்களைக் கொன்ற ரிச்சர்ட் ஸ்பெக்குக்கு இந்தக் குரோமோசோம்தான் என்று 1968-இல் செய்தி பரவியது. சோதித்ததில் அவனுக்கு எல்லோரையும் போல எக்ஸ் ஒய்தான். 1976-இல் டென்மார்க்கில் பெரிய அளவில் ஆராய்ந்தபோது எக்ஸ் ஒய் ஒய் ஆண்கள் வன்முறையாளர்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆயிரம் ஆணில் ஒருவர் இப்படி. கொஞ்சம் உயரமாக இருப்பார், அவ்வளவுதான். பிறப்பிலேயே குற்றம் என்ற கருத்து நமக்குப் புதிதா என்ன? 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தபிறகு, அந்தப் பட்டியலில் நமது தென்னார்க்காட்டு வேப்பூர்ப் பறையர்களும் சேர்க்கப்பட்டார்கள். அங்கே ரேகை, இங்கே குரோமோசோம். கருவி மாறியிருக்கிறது, வாசிப்பு அதேதான்.

இதுவரை சொன்னது எண்ணிக்கை மாறுகிற நிலைகள். எண்ணிக்கை சரியாக இருந்தும் உடம்பு எழுத்துக்குக் கட்டுப்படாத நிலைகள் உண்டு. 1990-இல் ஒய் குரோமோசோமில் எஸ்ஆர்ஒய் என்ற மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. கருவில் ஆறேழு வாரம்வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருக்கிற சுரப்பியை விரையாகும்படி முடுக்கிவிடுவது இதுதான். இது எப்போதாவது இடம் மாறி எக்ஸில் போய் ஒட்டிக்கொண்டால் எக்ஸ் எக்ஸ் உள்ள ஆண் பிறக்கிறான். ஒய் இருந்தும் இது வேலை செய்யாவிட்டால் எக்ஸ் ஒய் உள்ள பெண் பிறக்கிறாள். இன்னொன்று, ஆண்ட்ரோஜன் ஏலாமை. எக்ஸ் ஒய் இருக்கும், விரையும் உள்ளே உருவாகி டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். ஆனால் அதை ஏற்றுக்கொள்கிற வாங்கி உடம்பில் இல்லை. அஞ்சல் வருகிறது, பெட்டி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உடம்பு பெண்ணாகவே வளர்கிறது. மார்பு வரும், மாதவிடாய் வராது.

இவர்களுக்கு ஊடுபால், இடைபால் என்ற சொற்கள் இன்று புழங்குகின்றன. நமக்குப் பக்கத்திலேயே கூவாகம் இருப்பதால் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். சித்திரையில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ள வருகிற திருநங்கைகளும் இவர்களும் ஒன்றல்ல. திருநங்கை என்பது தன்னை யாராக உணர்கிறார் என்பது சம்பந்தப்பட்டது. குரோமோசோமுக்கு அதில் சாட்சி சொல்ல இடமில்லை. 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்கூட இரு தரப்பையும் ஒரே வரையறையில் போட்டுக் கட்டியது.

பிறந்த குழந்தையிடம் திரும்பலாம். அட்ரினல் சுரப்பியில் ஒரு நொதி இல்லாமல் பிறக்கிற பெண்குழந்தைக்குப் பிறப்புறுப்பு ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாதபடி இருக்கும். குரோமோசோம் சாதாரண எக்ஸ் எக்ஸ். இதன் கடுமையான வகையில் உடம்பிலிருந்து உப்பு வெளியேறி, இரண்டு மூன்று வாரத்துக்குள் குழந்தை இறந்துவிடலாம். அவசரமாகத் தேவைப்படுவது உப்பும் ஹார்மோன் மாத்திரையும். ஆனால் உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளாக அவசரம் காட்டப்பட்டது கத்தியில்தான். உறுப்பை வெட்டித் தைத்து ஏதாவது ஒரு பாலாக்கிவிட வேண்டும் என்ற அவசரம். வளர்ந்தபிறகு அந்த உடம்புக்குரியவர் வலியோடும் உணர்விழந்த தழும்போடும் வாழ்கிறார், அவரிடம் யாரும் கேட்டதில்லை. எர்குலின் பார்பன் என்ற பிரெஞ்சுப் பெண்ணை 1860-இல் சட்டம் ஆணாக மாற்றி எழுதியதையும், 1868-இல் அவர் தற்கொலை செய்துகொண்டதையும், அவரது குறிப்புகளை 1978-இல் ஃபூக்கோ வெளியிட்டதையும் இந்தப் பக்கங்களின் வாசகர்கள் அறிவார்கள். உண்மையான பால் என்று ஒன்று ஒவ்வொருவருக்கும் இருந்தே ஆக வேண்டுமா என்பதே ஃபூக்கோவின் கேள்வி. அந்தக் கேள்விக்கு எதிர்பாராத இடத்தில், மதுரையில், சட்ட மொழியில் ஒரு பதில் வந்தது. தூத்துக்குடியில் ஒரு ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கு. 2019 ஏப்ரல் 22 அன்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தார். அதோடு நிற்காமல், ஊடுபால் குழந்தைகளுக்குச் செய்யப்படும் பால் மாற்று அறுவைகளைத் தடைசெய்யும்படி அரசுக்கு உத்தரவிட்டார். பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதமாகாது என்பது அதிலிருந்த முக்கியமான கருத்து. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அரசாணை போட்டது: உயிருக்கு ஆபத்தென்றாலொழிய இந்த அறுவைகள் கூடாது. இந்தியாவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் இதுதான். உப்பு இழக்கிற குழந்தையைக் காப்பாற்றலாம், குழந்தையை ‘ள்’ ஆக்கவோ ‘ன்’ ஆக்கவோ கத்தி எடுக்கக் கூடாது. ‘குழந்தை சிரித்தது’ என்ற அந்த ‘து’வைக் கொஞ்ச காலம் அப்படியே இருக்கவிடச் சொல்கிற ஆணை என்று நான் வாசிக்கிறேன்.

வளர்ந்தவர்களுக்கு அப்படியொரு ஆணை இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகளாக, தலித் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அடுத்த சில நாளில் பாலினப் பரிசோதனை, அதே மாதம் பதக்கம் பறிபோனது. பரிசோதனை எதற்கென்று விளக்கவில்லை, அறிக்கையைக் கையில் தரவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் ‘தோற்றுவிட்டார்’ என்பது மட்டும் உலகத்துக்கெல்லாம் தெரிந்தது. அன்றைய முதல்வர் கருணாநிதி அறிவித்த 15 லட்ச ரூபாயையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் சர்ச்சைக்குப் பிறகும் கொடுத்தார், அதைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பணத்தில் சாந்தி ஊர்ப்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 2007-இல் உயிரை விடத் துணிந்தார், பிழைத்தார். 2012 வாக்கில் செங்கல் சூளையில் கூலி வேலை செய்தார். பின்னர் பயிற்சியாளர் படிப்பு முடித்து, அரசின் விளையாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். அவருடைய குரோமோசோம் என்ன, நிலையின் பெயர் என்ன என்று பத்திரிகைகள் எழுதின. நான் எழுதப்போவதில்லை. ஒருவரின் கையில் தரப்படாத அறிக்கையை நாம் ஏன் வாசிக்க வேண்டும்?

மைதானத்தில் இந்த வாசிப்புக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1966-இல் புடாபெஸ்ட் ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகளைப் பெண் மருத்துவர்கள் முன் நிர்வாணமாக நடக்கவைத்தார்கள். அது அசிங்கமென்று 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கன்னத்து உட்தோலைச் சுரண்டி, சுருண்ட எக்ஸ் தெரிகிறதா என்று பார்த்தார்கள். இந்தச் சோதனையின் கோமாளித்தனத்தைக் கவனியுங்கள்: எக்ஸ் எக்ஸ் ஒய் ஆண் இதில் பெண்ணென்று தேறுவான், நாலரை அடி டர்னர் பெண் தோற்றுப்போவாள். ஸ்பெயினின் தடை ஓட்டக்காரி மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோ 1985-இல் கோபேயில் தோற்றார். தனக்கு ஆண்ட்ரோஜன் ஏலாமை என்று அவரே எழுதியிருக்கிறார். டெஸ்டோஸ்டிரோனை உடம்பு ஏற்காத ஒருவரிடம் அதனால் வந்த அநியாயச் சாதகம் என்ன இருக்க முடியும்? மூன்று வருஷம் போராடி 1988-இல் ஓடும் உரிமையைத் திரும்பப் பெற்றார், அதற்குள் அவருடைய உச்ச வயது போய்விட்டது. 1996 அட்லாண்டாவில் 3387 வீராங்கனைகளைச் சோதித்து எட்டுப் பேரைப் பிடித்தார்கள். எட்டுப் பேருமே ஓட அனுமதிக்கப்பட்டார்கள், ஆணொருவன் வேஷம் போட்டு வந்ததாக ஒன்றுகூட இல்லை. 1999-இல் ஒலிம்பிக் கமிட்டி அனைவருக்குமான சோதனையைக் கைவிட்டது. ‘சந்தேகம் வந்தால் சோதிக்கலாம்’ என்பது மட்டும் மிச்சமிருந்தது. யார் மீது சந்தேகம் வரும்? மார்பு தட்டையான, தோல் கறுத்த, குரல் தடித்த, ‘பொம்பள மாதிரி’ இல்லாத பெண் மீது. சாந்தி அகப்பட்டது அந்த மிச்சத்தில்தான். ஒடிசாவின் நெசவாளர் மகள் டூட்டி சந்த் 2014-இல் அகப்பட்டு, விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய் 2015-இல் அந்த விதியை நிறுத்திவைக்கச் செய்தார். சாந்திக்கு அப்படி வழக்காட ஆளில்லாமல் போனது.

இப்போது சக்கரம் திரும்ப வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல், பெண்கள் பிரிவில் உலகத் தடகளப் போட்டியில் ஓட விரும்புகிற ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறை எஸ்ஆர்ஒய் சோதனைக்குக் கன்னத்துத் தோலையோ ரத்தத்தையோ கொடுத்தாக வேண்டும். அந்த மரபணுவைக் கண்டுபிடித்த குழுவில் இருந்த ஆண்ட்ரூ சின்கிளேர், விதி வந்த கையோடு எதிர்ப்பை எழுதினார். மரபணு இருக்கிறதா என்பதை மட்டும்தான் இந்தச் சோதனை சொல்லும். அது வேலை செய்கிறதா, விரை உருவானதா, டெஸ்டோஸ்டிரோன் சுரந்ததா, சுரந்ததை உடம்பு ஏற்றுக்கொண்டதா என்ற எதையும் சொல்லாது என்கிறார் அவர். புதுக்கோட்டையிலோ கடலூரிலோ காலையில் வெறுங்காலோடு ஓடுகிற ஒரு பெண்பிள்ளை அந்த உயரத்துக்குப் போனால் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் போக வேண்டும். அறிக்கையை யார் பிரிப்பார்கள், அவளிடம் எந்த மொழியில் சொல்வார்கள், சொல்லும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள், அவளுக்கு முன்னால் வேறு யார் யாருக்குத் தெரியும் என்று இப்போதே கேட்டு எழுதி வாங்க வேண்டியது விளையாட்டுச் சங்கங்களிடம்.